மூப்பின் மேல் விழுந்த பழி: லண்டன் புகைமூட்டமும் முதியோர் நெஞ்சும்

நெஞ்சு என்ற சொல் தமிழில் இதயத்துக்கும் உரியது, நுரையீரலுக்கும் உரியது. நெஞ்சு வலிக்கிறது என்று கேட்டால் இதயத்தை நினைப்பவர்கள், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று கேட்டால் நுரையீரலை நினைக்கிறார்கள். பேச்சு வழக்கு ஒரே கூட்டில் வைத்திருக்கும் இவ்விரு உறுப்புகளையும் ஐரோப்பிய மருத்துவம் தனித்தனித் துறைகளாகப் பிரித்து, தனித்தனி நோய்ப்பெயர்களைச் சூட்டி, இறப்புப் பதிவேட்டில் தனித்தனிப் பத்திகளில் எழுதியது. முதியவர்களின் உடலில் அந்தப் பிரிவினை செல்லாது என்பதை லண்டன் மாநகரம் 1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களை விலையாகக் கொடுத்து அறிந்துகொண்டது. முதியவர்களுக்கு மூச்சு வாங்குவது மூப்பின் இயல்பு என்று தலைமுறை தலைமுறையாக நிலவிய நம்பிக்கையும் அந்த மாதத்திலிருந்துதான் ஆட்டம் காணத் தொடங்கியது.

மூச்சு வாங்கவைக்கும் நுரையீரல் நோய்களுக்கு இன்று வழங்கும் பெயர்கள் மிகப் பழையவை அல்ல. நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் கிளைக்குழல்களின் உட்சவ்வு வீங்கிச் சிவந்து சளி சுரக்கும் நிலைக்கு ‘பிராங்கைட்டிஸ்’ என்ற பெயரை 1808இல் சார்லஸ் பேடம் என்ற ஆங்கிலேய மருத்துவர் வழங்கினார். தமிழில் அது மூச்சுக்குழல் அழற்சி எனப்படும். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக், 1819இல் வெளியிட்ட தம் நூலில், குழல்களின் முனையில் திராட்சைக் கொத்துப்போல் அமைந்த காற்று நுண்ணறைகள் தம் மெல்லிய சுவர்களை இழந்து, ஒன்றோடொன்று கலந்து, தளர்ந்த பைகளாகிப் போகும் நிலையை, இறந்தோரின் நுரையீரல்களை ஆராய்ந்து விவரித்தார். அந்நிலைக்கு எம்ஃபைசீமா என்று பெயர். முன்னதில் குழல் அடைபடுகிறது, பின்னதில் பை தளர்கிறது. இரண்டிலும் உள்ளே இழுத்த காற்று முழுவதும் வெளியேறாமல் தங்கிவிடுவதால் அடுத்த மூச்சுக்கு இடம் குறைகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே இன்றைய மருத்துவம் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று குறிப்பிடுகிறது.

பெயர் கிடைத்த பிறகும் காரணம் தேடப்படவில்லை. நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி பிரிட்டனில் அவ்வளவு பரவலாக இருந்ததால் அதை ஆங்கிலேயருக்கே உரிய நோய் என்று சொல்லும் வழக்கம் இருந்தது. குளிர்காலம் வந்தால் இருமுவதும், விடியற்காலையில் சளி துப்புவதும், மாடிப்படியில் பாதி வழியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்வதும் உழைத்து ஓய்ந்த ஒருவரின் வாழ்க்கையில் எதிர்பார்க்கத்தக்க காட்சிகளாகவே கருதப்பட்டன. ஈரக்காற்று ஒரு காரணம், வயது மற்றொரு காரணம் என்று சொல்லி வீட்டாரும் மருத்துவரும் ஒருங்கே அமைதியடைந்தனர். “வயசாச்சு, மூச்சு வாங்கத்தான் செய்யும்” என்று இன்றும் தமிழ் வீடுகளில் சொல்லப்படும் ஆறுதல் மொழியின் ஆங்கில வடிவம் அங்கே ஒவ்வொரு தெருவிலும் புழங்கியது. ஆறுதலாகப் பிறந்த அந்தச் சொல்லே நோயை ஆராயவிடாமல் தடுத்த திரையாகவும் நின்றது என்பதுதான் இவ்வரலாற்றின் துயரமான பகுதி.

லண்டனின் காற்று கெட்டது திடீரென்று நிகழ்ந்ததன்று. கடல்வழியாகக் கப்பலில் வந்திறங்கியதால் கடல்கரி எனப்பட்ட நிலக்கரியை எரிக்கக் கூடாது என்று முதலாம் எட்வர்டு மன்னர் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆணையிட்டார். விறகு அருகிப்போன நகரத்தில் அந்த ஆணை நிலைக்கவில்லை. 1661இல் ஜான் ஈவ்லின் லண்டனின் புகையைக் கண்டித்துத் தனி நூலே எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் அளித்து, புகை கக்கும் தொழில்களை நகருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்றும் நகரைச் சுற்றி நறுமணச் செடிகளை வளர்க்க வேண்டும் என்றும் வேண்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரம் பல மடங்கு பெருகியபோது ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு அறையிலும் ஒரு கணப்பு எரிந்தது. சுவரில் பதித்த திறந்த கணப்பில் நிலக்கரி எரிவதைச் சுற்றிக் குடும்பம் அமர்ந்திருப்பது ஆங்கிலேயருக்கு இல்லற இன்பத்தின் அடையாளமாக இருந்தது. அடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகிப் போனாலும், அரைகுறையாக எரிந்த கரியின் புகை கூரைக்கு மேலே தேங்கினாலும், கண்ணெதிரே தீ எரிய வேண்டும் என்ற விருப்பத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. புகையும் மூடுபனியும் கலந்த கலவைக்கு ‘ஸ்மாக்’ என்ற புதுச்சொல்லை மருத்துவர் ஹென்றி டெ வோ 1905இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் அதைப் புகைமூட்டம் எனலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கடந்தும் பிரிட்டன் கடனில் இருந்தது. தரமான நிலக்கரி அயல்நாட்டுச் செலாவணிக்காக ஏற்றுமதியாக, உள்நாட்டு வீடுகளுக்குப் பங்கீட்டு அட்டையே கதியாக இருந்தது. ‘நட்டி ஸ்லாக்’ எனப்பட்ட, சிறு கட்டிகளும் தூளும் கலந்த மலிவான கரி மட்டும் 1952 டிசம்பர் 1ஆம் தேதி முதல் பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டு, வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் லண்டனின் கடைசி மின்சார டிராம் வண்டியும் நிறுத்தப்பட்டு, அவ்வழிகளில் டீசல் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருந்தன. பேட்டர்சி, ஃபுல்ஹாம், பேங்க்சைடு ஆகிய அனல்மின் நிலையங்கள் நகரின் நடுவிலேயே புகைந்துகொண்டிருந்தன. குளிர் கடுமையாக இருந்த அந்த வாரத்தில் மக்கள் கையில் கிடைத்த கரியையெல்லாம் கணப்பில் கொட்டினார்கள்.

டிசம்பர் 5ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காற்றின் அசைவு நின்றது. வழக்கமாகத் தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே செல்லச் செல்லக் குளிராகவும் இருக்கும். வெப்பக் காற்று மேலெழும்போது புகையையும் உடன் கொண்டுபோய்விடும். சில குளிர்நாள்களில் இது தலைகீழாகி, தரையில் குளிர்காற்றும் அதன்மேல் மூடிபோல வெப்பக் காற்றும் அமைந்துவிட, புகை வெளியேற வழியின்றித் தரையோடு தங்கும். போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் பழம்பாயும் டயரும் எரித்த புகை மார்கழிப் பனியோடு கலந்து சென்னைத் தெருக்களில் எதிரே வருபவர் முகம் தெரியாமல் நிற்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையில் வெயில் ஏறியதும் கலைந்துவிடும் அந்த மூட்டம் லண்டனில் ஐந்து நாள்கள் கலையாமல் நின்றது. நாள்தோறும் சுமார் 1,000 டன் புகைத்துகள் காற்றில் சேர்ந்ததாகவும், 370 டன் கந்தக டை ஆக்சைடு பனித்துளிகளில் கரைந்து ஏறத்தாழ 800 டன் கந்தக அமிலமாக மாறியதாகவும் பின்னர் கணக்கிடப்பட்டது.

அந்த ஐந்து நாள்களின் நிலைமை பல பதிவுகளில் எஞ்சியிருக்கிறது. தேம்ஸ் நதி வளைந்து சூழும் ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் நடந்து சென்றவர்களுக்குத் தங்கள் பாதமே தெரியவில்லை. பேருந்தின் நடத்துநர் கையில் தீப்பந்தம் ஏந்தி வண்டிக்கு முன்னே நடக்க, ஓட்டுநர் அந்த ஒளியைப் பின்பற்றி அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். சற்று நேரத்தில் அதுவும் இயலாமல், தரைக்கு அடியில் ஓடும் ரயில் தவிர ஏனைய போக்குவரத்து ஓய்ந்தது. ஆம்புலன்ஸ் வண்டிகளும் நின்றுவிட்டதால், மூச்சுத் திணறியவர்கள் தாங்களாகவே மருத்துவமனைக்கு வழி தேட வேண்டியதாயிற்று. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடந்த இசைநாடகம், மேடை தெரியாத அளவுக்குப் புகை உள்ளே நுழைந்ததால், பாதியில் கைவிடப்பட்டது. எர்ல்ஸ் கோர்ட்டில் கால்நடைக் கண்காட்சிக்காகக் கொண்டுவரப்பட்ட உயர்சாதி மாடுகளில் சில மூச்சுத் திணறி விழுந்தன, சில வெட்டப்பட்டன. அடிக்கடி வைக்கோல் மாற்றித் தூய்மையாக வைக்கப்பட்ட பரிசு மாடுகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டன என்றும், சாணமும் சிறுநீரும் தேங்கிய தொழுவங்களில் எழுந்த அம்மோனியா காற்றிலிருந்த அமிலத்தை முறித்து ஏனைய மாடுகளைக் காத்திருக்கலாம் என்றும் பின்னாளில் விளக்கம் தரப்பட்டது.

மாடுகள் விழுந்ததைச் செய்தித்தாள்கள் உடனே எழுதின. மனிதர்கள் இறந்துகொண்டிருந்ததை அந்த நாள்களில் நகரம் உணரவில்லை. காரணம் எளிது. இறந்தவர்கள் ஓரிடத்தில் திரளாக விழவில்லை. தத்தம் வீட்டுப் படுக்கையில், நாற்காலியில், மருத்துவமனைக் கட்டிலில் ஒவ்வொருவராக, ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்த முதியவர்களாக இறந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அது எதிர்பார்த்த சாவாகவே தோன்றியது. சவப்பெட்டி செய்பவர்களிடம் பெட்டி தீர்ந்துபோனதும், பூக்கடைகளில் மலர்வளையம் கிடைக்காமல் போனதுமே முதல் அறிகுறிகள் என்று அக்காலத்தவர் நினைவுகூர்ந்தனர். டிசம்பர் 9ஆம் தேதி மேற்கிலிருந்து காற்று வீசி மூட்டம் கலைந்தது; எண்ணிக்கை அதன்பிறகே தெரியவந்தது.

இங்கிலாந்தில் வாரந்தோறும் இறப்புகளைக் காரணத்தோடு தொகுக்கும் நல்ல வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அந்தப் பட்டியல்களைக் கையிலெடுத்த அரசுப் புள்ளியியல் மருத்துவர் டபிள்யூ. பி. டி. லோகன், மூட்டத்தையொட்டிய அடுத்தடுத்த வாரங்களை ஒப்பிட்டு 1953 பிப்ரவரியில் லான்செட் இதழில் எழுதினார். லண்டன் நிர்வாகக் கவுண்டி எல்லைக்குள் மட்டும் டிசம்பர் 6ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் 945 பேர் இறந்திருக்க, அடுத்த வாரத்தில் 2,484 பேர் இறந்திருந்தனர். மூச்சுக்குழல் அழற்சியால் இறந்தவர்கள் 76 பேரிலிருந்து 704 பேராக உயர்ந்தனர். இதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் நோயால் இறந்தவர்களும் 118 பேரிலிருந்து 281 பேராகப் பெருகியிருந்தனர். கைக்குழந்தைகளும் மிகுதியாக இறந்தனர் என்றாலும், இறப்புகளின் பெரும்பங்கு முதியவர்களுடையது. பெருநகர் முழுவதற்குமாகச் சேர்த்து, அந்தச் சில வாரங்களில் வழக்கத்தை மீறி நிகழ்ந்த இறப்புகள், அதாவது புள்ளியியலில் மிகை இறப்புகள் எனப்படுபவை, சுமார் 4,000 என்று மதிப்பிடப்பட்டது.

நுரையீரலுக்குள் சென்ற புகையால் நுரையீரல் நோயாளி இறந்தார் என்பது புரிந்துகொள்ளத்தக்கது. இதய நோயாளி ஏன் இறந்தார் என்ற கேள்விக்கு விடை இரு உறுப்புகளின் பிணைப்பில் இருக்கிறது. இதயத்தின் வலப்புறம் உடலெங்கும் சுற்றிக் களைத்து வந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்புறம் அங்கிருந்து உயிர்வளி பெற்றுத் திரும்பிய இரத்தத்தை உடலுக்கு அனுப்புகிறது. நுரையீரலின் ஒரு பகுதியில் உயிர்வளி குறைந்தால் அப்பகுதியின் இரத்தக்குழல்கள் தாமாகவே சுருங்கும் என்பதை 1946இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் காட்டியிருந்தனர். ஓரிடம் பழுதானால் இரத்தத்தை நல்ல இடத்துக்குத் திருப்பிவிடும் சிறந்த ஏற்பாடு அது. ஆனால் நுரையீரல் முழுவதும் அடைபட்டிருக்கும் முதியவரிடத்தில் எல்லாக் குழல்களும் ஒருங்கே சுருங்கிவிட, அந்த எதிர்ப்பை மீறி இரத்தத்தைத் தள்ளவேண்டிய வலப்பக்க இதயம் பருத்து, விரிந்து, ஒருநாள் தளர்ந்துபோகிறது. கணுக்காலில் நீர் கோத்துக்கொள்வதும் உதடு நீலம் பாய்வதும் அதன் வெளி அடையாளங்கள். இவ்வாறு நுரையீரல் வழியே வரும் இதயநோய் ஒருபுறமிருக்க, மிக நுண்ணிய புகைத்துகள்கள் நுரையீரலில் அழற்சியைத் தூண்டி, இரத்தத்தின் உறையும் தன்மையை மிகுவித்து, ஏற்கெனவே குறுகிப்போன இதயத் தமனிகளில் அடைப்பை விரைவுபடுத்தும் என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவாயிற்று. பதிவேட்டில் இரு பத்திகளில் எழுதப்பட்ட இறப்புகள் ஒரே மூச்சில் தொடங்கியவை.

எண்கள் வெளிவந்த பிறகும் மூப்பின் மேலுள்ள பழி நீங்கிவிடவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே இதயநோயோ நுரையீரல் நோயோ உடையவர்கள், எப்படியும் நெடுநாள் இருந்திருக்கமாட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. இந்த வாதம் உண்மையானால், சில நாள்கள் முன்கூட்டியே இறந்துபோனவர்களின் எண்ணிக்கை அளவுக்கு அடுத்துவந்த வாரங்களில் இறப்பு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கூட அது வழக்கத்துக்கு மேலேயே நின்றது. நகரின் காற்றை அளந்துவந்த ஈ. டி. வில்கின்ஸ் இந்தக் கூடுதல் இறப்புகளைச் சுட்டிக்காட்டினார். அரசுத் தரப்போ அவற்றை இன்ஃபுளுவன்சா காய்ச்சலின் கணக்கில் எழுதியது. நோயுற்ற முதியவர் ஒருவர் இன்னும் ஐந்து குளிர்காலங்களைக் காணக்கூடியவர் என்ற எண்ணமே அந்தக் கணக்கை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

அரசு தயங்கியது. வீட்டுவசதி அமைச்சராக இருந்த ஹரால்டு மேக்மில்லன், இதில் செய்யக்கூடியது அதிகமில்லை, எனினும் ஒரு குழுவை அமைத்து மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளலாம் என்ற கருத்தில் சக அமைச்சர்களுக்கு எழுதிய குறிப்பு பின்னாளில் வெளிவந்தது. ஆயினும் 1953 ஜூலையில் சர் ஹியூ பீவர் தலைமையில் அமைந்த குழு உண்மையாகவே உழைத்தது. பொறியாளரான பீவர், 1954 நவம்பரில் அளித்த இறுதி அறிக்கையில், ஆலைகளைப்போலவே வீட்டுக் கணப்புகளும் குற்றவாளிகள் என்று தயங்காமல் எழுதி, மக்கள் நெருக்கமுள்ள பகுதிகளில் 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் புகையை 80 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். அரசு மீண்டும் தாமதிக்கவே, ஜெரால்டு நபாரோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்கினார். 1956 ஜூலையில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. அதன்படி உள்ளாட்சிகள் புகையில்லாப் பகுதிகளை அறிவிக்க முடிந்தது. அங்கே புகையற்ற எரிபொருளையே எரிக்க வேண்டியிருந்தது. கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணம் ஏற்றது. பிரிட்டிஷ் இல்லத்தின் கணப்புக்குள் சட்டம் நுழைந்ததும், நுழைந்தபோது பணத்தையும் உடன் கொண்டுவந்ததும் சிறிய செயல்களல்ல. 1962 டிசம்பரில் மீண்டும் ஒரு பெரும் மூட்டம் வந்து ஏறத்தாழ 700 பேரைக் கொண்டுபோனது. பத்தாண்டுக்கு முந்தைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சட்டம் காத்த உயிர்களை அதிலும் உணரலாம்.

சட்டத்தின் கதையைவிட, அதே ஆண்டுகளில் மருத்துவர்கள் மூச்சிரைப்பை அளக்கக் கற்றுக்கொண்ட கதை குறைவாகவே சொல்லப்படுகிறது. முதியவர்களைப் பொறுத்தவரை அதுவே முதன்மையானது. அதன் தொடக்கம் லண்டனில் இல்லை, தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களில் இருக்கிறது. கார்டிஃப் அருகே 1945இல் அமைந்த சுரங்கத் தொழிலாளர் நுரையீரல் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமையேற்ற சார்லஸ் ஃபிளெச்சர், 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் பென்சிலின் ஊசிகளை நோயாளிக்குச் செலுத்திய இளம் மருத்துவர். இழப்பீட்டுக்காக வந்து நின்ற சுரங்கத் தொழிலாளியிடம் மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று கேட்டால் கிடைக்கும் விடையை எப்படி ஏட்டில் எழுதுவது என்ற நடைமுறைச் சிக்கல் அங்கே எழுந்தது. ஃபிளெச்சரும் அவர் குழுவினரும் ஐந்து படிநிலைகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். கடும் உழைப்பின்போது மட்டும் மூச்சு வாங்குவது முதல் படி. விரைந்து நடந்தாலோ சிறு மேட்டில் ஏறினாலோ வாங்குவது இரண்டாவது. சமதரையில் தம் வயதொத்தவர்களோடு ஈடுகொடுத்து நடக்க முடியாமல் பின்தங்குவது மூன்றாவது. நூறு கெசம் நடப்பதற்குள் நின்றுவிடுவது நான்காவது. வீட்டைவிட்டு வெளியேற இயலாமல், சட்டை மாற்றும்போதே திணறுவது ஐந்தாவது.

மூன்றாம் படியில்தான் இந்த அளவுகோலின் நுட்பம் இருக்கிறது. அது முதியவரை இளைஞரோடு ஒப்பிடவில்லை. அவரோடு பிறந்து, அவரோடு மூத்த இன்னொரு முதியவரோடு ஒப்பிடுகிறது. எழுபது வயதுத் தோழர்கள் நால்வர் சமதரையில் நடந்துபோகையில் ஒருவர் மட்டும் பின்தங்கினால், அவரைப் பின்தங்க வைத்தது எழுபது வயது ஆகாது, ஏனெனில் ஏனைய மூவருக்கும் அதே வயதுதான். மூப்பையும் நோயையும் பிரித்துக்காட்ட எந்தக் கருவியும் வேண்டாத, எந்தத் தெருவிலும் கேட்கத்தக்க இந்த எளிய கேள்வி, இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் சிறு மாற்றங்களுடன் கேட்கப்படுகிறது. நாள்பட்ட அழற்சிக்கும் இதேபோன்ற தெளிவான வரையறை அதே காலத்தில் கிடைத்தது: ஆண்டில் குறைந்தது மூன்று மாதங்கள், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சளியோடு இருமல் இருந்தால் அது நோய்.

லண்டனில் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் 1955இல் அமைந்த காற்று மாசு ஆய்வுப் பிரிவின் பேட்ரிக் லாதர் இன்னொரு வழியைக் கையாண்டார். நாள்பட்ட அழற்சி உடைய நோயாளிகளிடம் சிறு நாட்குறிப்பேடுகளைக் கொடுத்து, நேற்றைவிட இன்று மேலா, மோசமா, மாற்றமில்லையா என்று நாள்தோறும் குறிக்கச் செய்தார். படுக்கையறையில் அமர்ந்து முதியவர்கள் இட்ட அந்தக் குறிகளை, நகரின் காற்றில் அன்றன்று அளக்கப்பட்ட புகையோடும் கந்தக டை ஆக்சைடோடும் பொருத்திப் பார்த்தபோது, புகை ஏறிய நாள்களில் மோசம் என்ற குறிகளும் ஏறின. 1959ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்பேடுகள் இவ்வாறு ஆராயப்பட்டன. ஒரு கன மீட்டர் காற்றில் 250 மைக்ரோகிராம் புகைத்துகளும் 500 மைக்ரோகிராம் கந்தக டை ஆக்சைடும் சேர்ந்திருக்கும் நிலையிலேயே நோயாளிகளின் மூச்சு மாறுபடத் தொடங்குகிறது என்று 1970இல் அவர் குழு எழுதியது. முதியவர்கள் பென்சிலால் இட்ட குறிகளிலிருந்து பிறந்த இந்த எண்கள் காற்றின் தரம் பற்றிய பன்னாட்டு விவாதங்களில் நெடுங்காலம் எடுத்தாளப்பட்டன. சட்டத்தின் பயனாகப் புகை குறையக் குறைய, குறிப்பேடுகளுக்கும் காற்றுக்கும் இருந்த பொருத்தம் மங்கிக்கொண்டே வந்தது.

புகைபோக்கியின் புகை குறைந்தபோது, அதுவரை அதன் மறைவில் நின்ற மற்றொரு புகை வெளிப்பட்டது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஐந்து ஆண்களில் நால்வர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பிடித்தனர். ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951 அக்டோபரில் நாட்டின் மருத்துவர்கள் அனைவருக்கும் வினாத்தாள் அனுப்பி, விடையளித்தவர்களை ஆண்டுக்காண்டு பின்தொடர்ந்தனர். அவர்களில் ஆண்கள் 34,439 பேர். நுரையீரல் புற்றுநோயை நாடித் தொடங்கிய அந்த ஆய்வில், நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் இதயத் தமனி நோயும் புகைபிடித்தோரிடம் மிகுந்திருப்பது 1956ஆம் ஆண்டு அறிக்கையிலேயே தெரிந்தது. ஆய்வுக்கு உட்பட்ட மருத்துவர்களே மெல்ல முதியவர்களாகி, ஐம்பது ஆண்டுகள் பின்தொடரப்பட்டபின் 2004இல் வெளியான முடிவில், தொடர்ந்து சிகரெட் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர் என்பது தெளிவாயிற்று. அறுபது வயதில் நிறுத்தியவருக்கும் மூன்று ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன; ஐம்பதில் நிறுத்தியவருக்கு ஆறு ஆண்டுகள். இனி நிறுத்தி என்ன பயன் என்று சொல்லும் முதியவர்களுக்கு இதைவிடக் கனிவான விடை புள்ளியியலில் இல்லை.

ஃபிளெச்சரும் மேற்கு லண்டனில் 792 ஆண்களை 1961 முதல் எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, முழுமூச்சு இழுத்து வேகமாக ஊதச் செய்து, முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவைத் திரும்பத் திரும்பக் குறித்தார். மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டர் என்ற கருவி 1840களில் ஜான் ஹட்சின்சன் அமைத்தது; முதல் நொடி அளவோ இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. புள்ளியியலாளர் ரிச்சர்டு பீட்டோவோடு சேர்ந்து ஃபிளெச்சர் 1977இல் வெளியிட்ட வரைபடம் மருத்துவ மாணவர் அனைவரும் அறிந்தது. வயதோடு எல்லாருக்கும் மூச்சின் வலு சிறிது சிறிதாகக் குறைகிறது. ஆனால் மூப்பு மட்டும் இழைக்கும் இழப்பு ஒருவரை நாற்காலியில் முடக்குமளவுக்குப் போவதில்லை. புகையால் பாதிக்கப்படும் இயல்புடையவர்களிடம் கோடு செங்குத்தாகச் சரிகிறது. நிறுத்தினால் இழந்தது திரும்புவதில்லை என்றாலும், அன்றிலிருந்து சரிவு மற்றவர்களுடைய வேகத்துக்கு மட்டுப்படுகிறது. மூப்பின் பங்கு எவ்வளவு, புகையின் பங்கு எவ்வளவு என்று ஒரே தாளில் பிரித்து எழுதப்பட்ட தீர்ப்பு என்று அந்த வரைபடத்தைச் சொல்லலாம்.

இதயமும் நுரையீரலும் ஒரே வழக்கில் நிற்பவை என்பதை மருத்துவமுறையாகவே காட்டிய ஆய்வு 1981இல் வந்தது. நாள்பட்ட அழற்சியோ எம்ஃபைசீமாவோ முற்றி, வலப்பக்க இதயம் தளர்ந்து, இரத்தத்தில் உயிர்வளி குறைந்துபோன 87 நோயாளிகளில் 42 பேருக்கு வீட்டிலேயே நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணிநேரம் உயிர்வளி தரப்பட்டது. 45 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஐந்து ஆண்டுகளில் முதல் குழுவில் 19 பேரும் இரண்டாம் குழுவில் 30 பேரும் இறந்திருந்தனர். மூக்கில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே மூச்சோடு கலந்த உயிர்வளி, மருந்துகளால் நீட்டிக்க முடியாதிருந்த ஆயுளை நீட்டித்தது. இன்று பல வீடுகளில் கட்டிலருகே மெல்ல இரையும் உயிர்வளிச் செறிவூட்டியின் பின்னால் இந்த ஆய்வு நிற்கிறது.

1952இன் கணக்கு அப்போதும் முடிந்திருக்கவில்லை. 2001இல் மிஷெல் பெல்லும் டெவ்ரா டேவிஸும் பழைய பட்டியல்களை மீண்டும் ஆராய்ந்து, இன்ஃபுளுவன்சாவின் கணக்கில் எழுதப்பட்ட இறப்புகளை அந்தக் காய்ச்சலால் விளக்க முடியாது என்று காட்டி, 1953 பிப்ரவரி வரையிலான மிகை இறப்புகளைச் சுமார் 12,000 என்று மதிப்பிட்டனர். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு சான்று வெளிவந்தது. அந்த மூட்டத்தில் இறந்த சிலரின் நுரையீரல் திசுக்கள் லண்டன் மருத்துவமனை ஒன்றின் காப்பகத்தில் அரை நூற்றாண்டாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றை மின்னணு நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள் கரித்துகள்களையும் அவற்றோடு ஈயம், துத்தநாகம் முதலிய உலோகங்களையும் கண்டனர். துகள்கள் இரு வேறு இடங்களில் இருந்தன. மூச்சுக்குழல்களிலும் காற்றறைகளிலும் இருந்தவை இறப்பதற்குச் சற்று முன்பு உள்ளே சென்றவை, டிசம்பர் மாதத்து ஐந்து நாள்களின் புகை. திசுவின் ஆழத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் கறுத்துப் படிந்திருந்தவை அதற்கு முன்னே பல ஆண்டுகளாக, குளிர்காலம் குளிர்காலமாக, அந்த நகரத்தில் மூச்சு விட்டதால் சேர்ந்தவை.